நிறம் போனால் போதுமா?

இன்று மாலை வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினை அதில் இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் வெளிர் பழுப்பாகும். இப்போது ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சாற்றை வடிகட்டி, அதில் ஊற்றிக் கலக்குங்கள். பழுப்பு நிறம் மாயமாய் மறைந்துவிடும்.

அயோடின் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள வைட்டமின் சி, அயோடினை அயோடைடு அயனியாக மாற்றிவிட்டது. அயோடைடுக்கு நிறம் கிடையாது. அவ்வளவுதான். நீங்கள் விட்ட அயோடினில் ஓர் அணுகூடக் குறையாமல் அந்த டம்ளரிலேயே இருக்கிறது. (ஆகவே அதைக் குடித்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிட்டு டம்ளரை நன்றாகக் கழுவி வையுங்கள்.)

இந்தச் சிறு சோதனையை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி ஒரு காட்சியைக் காண்கிறோம். ஒரு முகவையில் நீல நிறச் சாயக் கரைசல் இருக்கும். அதில் ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைத் தூவி வெயிலில் வைப்பார்கள். ஓரிரு மணி நேரத்தில் நீலம் மறைந்து நீர் தெளிந்துவிடும். "சாயக் கழிவு நீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டுவிட்டோம்!" என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த வெள்ளைப் பொடியின் விஞ்ஞானம் உண்மையிலேயே அழகானது. ஆனால் அட்டையில் எழுதியிருப்பது சரிதானா? அதைத்தான் நாம் இங்கே ஆராயப் போகிறோம்.

சாயத்தின் பிடிவாதம்

1856ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். குயினைன் கிடைக்கவில்லை, பட்டுத் துணியில் பற்றிக்கொள்ளும் ஓர் ஊதாச் சாயம் கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அன்று தொடங்கியது. அதற்குப் பின் வந்த வேதியியலார் எல்லாரும் சாயத்திடம் ஒரே குணத்தை எதிர்பார்த்தார்கள். வெயிலில் வெளுக்கக் கூடாது. சோப்பில் கரையக் கூடாது. வியர்வையில் மங்கக் கூடாது. எதற்கும் அசையாத மூலக்கூறுகளை அவர்கள் தேடித் தேடி உருவாக்கினார்கள்.

துணியில் இருக்கும்வரை இந்தப் பிடிவாதம் நற்குணம். துணியில் ஒட்டாமல் தப்பித்துச் சாக்கடையில் ஓடும்போது அதே பிடிவாதம் தொல்லையாகிவிடுகிறது. வெயிலுக்கும் அசையாத மூலக்கூறு, ஆற்றிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் எளிதில் அசைவதில்லை. அதை உடைக்க வலுவான ஆயுதம் ஒன்று தேவைப்படுகிறது.

வெள்ளைப் பொடியின் வேலை

அந்த ஆயுதம் நமக்குப் பழக்கமான பொருள்களிலேயே மறைந்திருக்கிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. அரிப்புக்குத் தடவும் காலமைன் லோஷனில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. இரண்டும் உலோக ஆக்சைடுகள், இரண்டும் குறைகடத்திகள்.

குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் ஒரு கீழ்த்தளத்தில் அடங்கிக் கிடக்கின்றன. மேலே காலியான ஒரு தளம் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆற்றல் இடைவெளி. அனடேஸ் என்ற படிக வடிவிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடில் இந்த இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். இதைத் தாண்டச் செய்யும் ஆற்றல், அலைநீளம் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான ஒளிக்கு உண்டு. அது புற ஊதாக் கதிர். அந்தக் கதிர் பட்டதும் எலக்ட்ரான் மேல்தளத்துக்குத் தாவுகிறது. அது இருந்த இடத்தில் ஒரு 'துளை' உண்டாகிறது.

துளை என்றால் எலக்ட்ரானுக்கான பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது துகளின் பரப்பை வந்தடைந்தால், அங்கே ஒட்டியிருக்கும் நீரிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. அதனால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. ஓசோனையும் குளோரினையும்விட வலிய ஆக்சிஜனேற்றி இது. அருகில் வரும் சாய மூலக்கூறைத் தாக்கித் துண்டு துண்டாக்குகிறது. மேல்தளத்துக்குத் தாவிய எலக்ட்ரானும் சும்மா இருப்பதில்லை. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து அதையும் வினைபுரியத் தூண்டுகிறது. இத்தனைக்கும் பிறகு பொடி பொடியாகவே இருக்கிறது. அதனால்தான் இதை ஒளி வினையூக்கி என்கிறோம்.

ஜப்பானில் கெனிச்சி ஹோண்டாவும் அவருடைய மாணவர் அகிரா புஜிஷிமாவும், டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கலாம் என்று 1972இல் அறிவித்தார்கள். 1977இல் அமெரிக்காவில் பிராங்க், பார்டு என்ற இருவர், நீரிலுள்ள சயனைடு நஞ்சை இதே பொடியும் ஒளியும் கொண்டு மாற்றிக் காட்டினார்கள். அன்றிலிருந்து உலகெங்கும் ஆய்வுகள் பெருகின.

பொடியை ஏன் நானோ அளவுக்கு நுணுக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், ஒன்றுக்குப் பின்னால் 18 சுழிகள் போட்ட எண்ணிக்கையில் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்! ஏறத்தாழ 15 சென்ட் நிலம். விரல் நுனியில் வைக்கும் ஒரு கட்டிக்குள் ஒரு வீட்டு மனையைவிடப் பெரிய பரப்பு ஒளிந்திருக்கிறது. வினை பரப்பில்தான் நடக்கிறது என்பதால், பரப்பு பெருகினால் வேலையும் பெருகும்.

நீலம் மறைந்த பிறகு

இதுவரை சொன்னது அத்தனையும் உண்மை. இனிதான் கவனம் வேண்டும்.

கண்காட்சிகளிலும் பல ஆய்வுக்கூடங்களிலும் எடுத்துக்கொள்ளும் சாயம் மெத்திலீன் நீலம். அதன் மூலக்கூறில் 16 கார்பன் அணுக்கள், 3 நைட்ரஜன் அணுக்கள், ஒரு கந்தக அணு உண்டு. உண்மையான அழிவு எது? 16 கார்பன் அணுக்களும் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும். நைட்ரஜன் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ, கந்தகம் சல்பேட்டாகவோ மாற வேண்டும். ஆனால் நீல நிறம் மறைவதற்கு இவ்வளவு தேவையில்லை. மூலக்கூறில் நிறத்துக்குக் காரணமான ஒரு பகுதி சிதைந்தாலே போதும்; நம் கண்ணுக்கு நீர் தெளிந்துவிடும்.

பள்ளி ஆய்வகத்தில் 'நீலக் குப்பி' சோதனையை உங்கள் ஆசிரியர் செய்து காட்டியிருக்கலாம். குளுக்கோசும் காரமும் சேர்ந்த கரைசலில் மெத்திலீன் நீலம் நிறமிழந்து நிற்கும். குப்பியைக் குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்து நீலம் திரும்பிவிடும். சாயம் அங்கேயேதான் இருந்தது. நிறமற்ற வேடம் பூண்டிருந்தது.

துணிச் சாயங்களில் மிகப் பெரிய குடும்பம் அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். அந்தப் பிணைப்பு அறுந்தால் நிறம் போய்விடும். இருபுறமும் இருந்த பென்சீன் வளையங்கள் நீரிலேயே தங்கலாம். சில அசோ சாயங்கள் ஆக்சிஜன் இல்லாத சூழலில் சிதையும்போது பென்சிடின் போன்ற அமின்கள் வெளிவருகின்றன. பென்சிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நிறமுள்ள சாயத்தைவிட நிறமற்ற துண்டு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

ஒளி வினையூக்கி இங்கே நமக்குக் கைகொடுக்கக்கூடியதே. போதிய நேரம் கொடுத்தால், வளையங்களையும் உடைத்துக் கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோகும். ஆனால் அதற்கு நிறம் மறைய ஆகும் நேரத்தைவிட நீண்ட நேரம் ஆகும். நிறம் மறைந்ததுமே கடிகாரத்தை நிறுத்திவிட்டு "அழித்துவிட்டோம்" என்று எழுதுவது, பாதித் தேர்வை எழுதிவிட்டு எழுந்து போவதற்குச் சமம்.

நொய்யல் கற்பித்த பாடம்

இப்போது ஆய்வகத்தை விட்டு வெளியே வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது நொய்யல் ஆறு. திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்தபோது நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் உடன் வளர்ந்தன. அவற்றின் கழிவு நீர் நொய்யலில் இறங்கியது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு நீர் தேங்கும் குட்டையாகிவிட்டது. நிலமும் கிணறும் கெட்ட விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு ஆலைகள் மாற வேண்டும் என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது.

அந்த விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது எது? சாயத்தின் நிறம் என்று நினைப்பீர்கள். நிறமும்தான். ஆனால் பெருங்கேடு செய்தது, கண்ணுக்கே தெரியாத உப்பு.

பருத்தி நூல் நீரில் நனைந்தால் அதன் மேல் எதிர்மின்னேற்றம் நிற்கும். சாய மூலக்கூறுக்கும் எதிர்மின்னேற்றமே. ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைத் தணித்து, சாயத்தை நூலிடம் சேர்க்கவே சாயத் தொட்டியில் சமையல் உப்போ குளோபர் உப்போ கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கும் மேல் தேவைப்படும். கடல் நீரில் இருப்பதோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான்! வேலை முடிந்ததும் அந்த உப்பு முழுவதும் கழிவு நீருடன் வெளியேறுகிறது. உப்பு ஏறிய மண்ணில் வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, மழை நீரும் உள்ளே இறங்குவதில்லை.

இங்கேதான் நம் வெள்ளைப் பொடி கைவிரிக்கிறது. சாயம் ஒரு பெரிய மூலக்கூறு, அதை உடைக்கலாம். சோடியம் அயனியில் உடைப்பதற்கு எந்தப் பிணைப்பும் இல்லை. எவ்வளவு நுண்ணிய துகளும், எவ்வளவு கடும் வெயிலும் உப்பில் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைக்காது. நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயப்படி, நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. நிறம் நீக்கிய சாயக் கழிவு நீர் கண்ணுக்குக் குடிநீர் போலவே தெரியும். அதை நம்பி வயலுக்குப் பாய்ச்சினால் என்ன ஆகும்? கலங்கலான நீரைக் கண்டால் விவசாயி மடையை அடைத்துவிடுவார். தெளிந்த நீரைக் கண்டால் அடைக்கமாட்டார். அதனால் நிறத்தை மட்டும் நீக்கும் சிகிச்சை ஆபத்தையும் சேர்த்து மறைத்துவிடும் என்பது என் கருத்து.

மேலும் சில தடைகள்

உப்பு இன்னொரு வகையிலும் குறுக்கே நிற்கிறது. ஹைட்ராக்சில் தனி உறுப்பு மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கித் தன் வலிமையை இழக்கும். சாய மூலக்கூறு ஒன்றுக்குக் குளோரைடு அயனிகள் பல நூறு சூழ்ந்திருந்தால், பெரும்பாலான தாக்குதல்கள் குளோரைடிலேயே வீணாகும். தூய நீரில் ஒரு சிட்டிகை மெத்திலீன் நீலம் கரைத்துச் செய்த சோதனையில் இந்தத் தடை தெரியவே தெரியாது.

அடுத்தது ஒளி. பூமியை வந்தடையும் சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் சுமார் 5 சதவீதமே. பட்டறையிலிருந்து வரும் கருநீல நீரில் அந்த 5 சதவீதமும் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆழத்திலுள்ள துகள்கள் இருட்டில் கிடக்கும். விளக்கு வைத்தால் மின்சாரச் செலவு.

மூன்றாவது, போட்ட பொடியைத் திரும்ப எடுப்பது. ஆய்வகத்தில் பயன்படும் சாதாரண வடிதாளின் துளைகள் பல ஆயிரம் நானோமீட்டர் அகலமுடையவை. 25 நானோமீட்டர் துகளுக்கு அது திறந்த வாசல். ஆற்றில் சாயத்துக்குப் பதிலாகத் துகளைக் கலந்துவிட்டால் என்ன பயன்? துத்தநாக ஆக்சைடுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஈரியல்பு ஆக்சைடு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும். சாயப்பட்டறை நீரோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. கரைந்துவரும் துத்தநாக அயனி மீன் முதலிய நீர் உயிர்களுக்கு நஞ்சு. டைட்டானியம் டை ஆக்சைடு இவ்வகையில் உறுதியானது.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அதன் இடம் எது என்று தெரிந்து வைக்க வேண்டும். 2001இல் பிரிட்டனில், தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சன்னல் கண்ணாடி விற்பனைக்கு வந்தது. கண்ணாடிமேல் மெல்லிய டைட்டானியம் டை ஆக்சைடு படலம், அவ்வளவுதான். அது வெற்றி பெற்றது ஏன்? அழுக்கு கொஞ்சம், ஒளி ஏராளம், பொடி கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் அல்மேரியாவிலுள்ள சூரிய ஆய்வு நிலையத்தில், வளைந்த எதிரொளிப்பான்களுக்கு நடுவே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் கழிவு நீரை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். குழாய் மெல்லியது என்பதால் ஒளி நீர் முழுவதும் பாய்கிறது.

திருப்பூர் என்ன செய்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர் சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சும் கடும் உப்பு நீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தார்கள். சுத்தம் செய்த உப்பு நீரையே மீண்டும் சாயத் தொட்டிக்கு அனுப்பும் முறையையும் கையாண்டார்கள். உப்பை அழிக்க முடியாது. சுற்றில் விடத்தான் முடியும் என்பதை உணர்ந்து எடுத்த வழி இது. ஆனால் பழைய சாயம் கலந்த உப்பு நீரை அப்படியே புதிய சாயத் தொட்டியில் ஊற்றினால் நிறம் கெடும். அந்த உப்பு நீரிலிருந்து மிச்சச் சாயத்தை மட்டும் நீக்கித் தரும் உதவியாளர் ஒருவர் தேவை. குளோரைடு மிகுந்த நீரிலும் சோர்ந்துபோகாத, கண்ணாடியிலோ பீங்கானிலோ உறுதியாக ஒட்டிக்கொண்ட, நம் வெயிலிலேயே வேலை செய்கிற ஒளி வினையூக்கியை யாராவது உருவாக்கினால் அது பெரிய உதவி. மெத்திலீன் நீலத்தை இன்னும் பத்து நிமிடம் முன்னதாக வெளுக்கச் செய்வதைவிட இந்த ஆராய்ச்சியே நமக்கு அவசரம் என்று நான் கருதுகிறேன்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்களில் சிலர் வேப்பிலைச் சாறு கொண்டு துத்தநாக ஆக்சைடு நுண்துகள் தயாரித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோகக்கூடும். மகிழ்ச்சி. ஆசிரியர் துணையுடன் செய்யுங்கள். ஆனால் ஒரு முகவையோடு நிற்காமல் நான்கு முகவைகள் வையுங்கள். முதலாவதில் சாயம், பொடி, வெயில் மூன்றும். இரண்டாவதில் சாயமும் பொடியும், ஆனால் இருட்டில். அதிலும் நீலம் குறைந்தால், சாயம் அழியவில்லை, பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டது என்று பொருள். மூன்றாவதில் சாயமும் வெயிலும் மட்டும். மெத்திலீன் நீலம் வெறும் வெயிலிலேயே ஓரளவு வெளுக்கக்கூடியது. அந்தப் பங்கைப் பொடியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்காவதில் சாயம், பொடி, வெயில் ஆகியவற்றுடன் ஒரு லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கில் சமையல் உப்பு. நான்கையும் அருகருகே வைத்து, அரைமணிக்கு ஒருமுறை நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது முகவை உங்களைக் கைவிட்டால் அதை ஒளித்து வைக்காதீர்கள். அதைத்தான் முன்வரிசையில் வையுங்கள்.

வசதியுள்ள ஆய்வகம் அருகில் இருந்தால், வேதி ஆக்சிஜன் தேவையை அளந்து தரும்படி கேளுங்கள். நீரில் இன்னும் எவ்வளவு கரிமப் பொருள் மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லும். அதுவும் முடியாதென்றால், நான்காவது முகவையில் தெளிந்த நீரைக் கொஞ்சம் ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். மாலையில் தட்டின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன என்று பாருங்கள்.

அடுத்த முறை யாராவது ஒரு தெளிந்த முகவையைக் காட்டி, "சாயக் கழிவு நீர் சுத்தமாகிவிட்டது" என்று சொன்னால், கைதட்டுங்கள், தட்டி முடித்ததும் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இதில் மிஞ்சியிருப்பது என்ன?"